கை தெரியாத சிற்பங்கள்: அனிஷ் கபூரும் ஒரு தோட்டத்துச் சுயம்பும்

எங்கள் தோட்டத்து அம்மனுக்கு முகம் கிடையாது. முழங்கால் உயரத்துக்கு ஒரு கல், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சளைக் குழைத்து அதன்மேல் அப்புவார்கள். நெற்றி இருக்கவேண்டிய இடத்தில் குங்குமம் வைப்பார்கள். பல வருட மஞ்சள் ஏறி ஏறி, கல் எங்கே முடிகிறது, பூச்சு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அடியில் சிமெண்டுத் தரையிலும் சிந்திய தூள் வட்டமாகப் படிந்து கிடக்கும். அதனால் கல்லைக் கொண்டுவந்து வைத்தது போலவே இருக்காது. தரைக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது போல இருக்கும். சின்ன வயதில் "இத யாரு பாட்டி செதுக்குனது?" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "செதுக்குனதுன்னு சொல்லாதடா. ஆத்தா தானா வந்தவ. சுயம்பு."

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய தோட்டக் கோயில் எதை எடுத்தாலும் இப்படி ஒரு கதை இருக்கும். காடு அழிக்கும்போது மண்வெட்டி பட்டு ரத்தம் கசிந்த கல், ரப்பர் பால்மரத்தடியில் ஒரே ராத்திரியில் எழும்பிய புற்று, மழையில் அடித்துவந்த சூலம். ஸ்தபதியும் கும்பாபிஷேகமும் வந்ததெல்லாம் வெகுகாலம் கழித்து, கையில் நாலு காசு சேர்ந்த பிறகு.

போன மாதம், கோலாலம்பூரில் டிசைன் படிக்கும் என் அக்கா மகன் வாட்சாப்பில் ஒரு படம் அனுப்பினான். வெள்ளைத் தரையில் சிவப்பும் மஞ்சளுமாகச் சில உருவங்கள். ஒன்று கூம்பு, ஒன்று கவிழ்த்த கிண்ணம், ஒன்று படிக்கட்டு போல. எல்லாவற்றின் மேலும் பொடி, ஓரத்திலும் சிந்திய பொடி. "மாமா, நம்ம கோயில் கல்லு மாதிரியே இல்ல?" என்று கேட்டிருந்தான். அது சிற்பி அனிஷ் கபூர் 1979-80இல் செய்த வரிசை. அதற்கு அவர் வைத்த பெயர் 'ஆயிரம் நாமங்கள்'. சகஸ்ரநாமம் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் பெயரை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தது நீண்டுவிட்டது. அறிவியல், இயற்கை, சமயம் மூன்றையும் கலந்து வேலை செய்யும் சிற்பி என்று கபூரைச் சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் மூன்றையும் தனித்தனியாக அடுக்கினால் ஆளைப் பிடிக்க முடியாது. நாற்பது வருடத்துக்கு மேலாக அவர் ஒரே விஷயத்தைத்தான் முயற்சி செய்கிறார் என்பது என் கணிப்பு: மனிதன் செய்த ஒன்று, தானாக வந்தது போல நிற்கவேண்டும். பாட்டி சொன்ன அதே சொல்தான்.

முதலில் ஆள் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1954இல் மும்பையில் பிறந்தவர். அப்பா பஞ்சாபி இந்து. இந்தியக் கடற்படையில் கடலடி நிலத்தை அளந்து வரைபடம் போடும் வேலை. அம்மா பாக்தாத்திலிருந்து வந்த யூதக் குடும்பம். அம்மாவின் அப்பா புனே யூதக் கோயிலில் வழிபாட்டுப் பாடல் பாடியவர். டேராடூனில் பள்ளிக்கூடம். 1971இல் இஸ்ரேலுக்குப் போனார், கூட்டுப் பண்ணையில் இருந்தார், மின்பொறியியல் படிக்கச் சேர்ந்து ஆறே மாதத்தில் விட்டுவிட்டார். கணக்கு ஒத்துவரவில்லையாம். 1973இல் லண்டன் போய்ச் சிற்பம் படித்தார். இன்றும் லண்டன்காரர்தான். தன்னை 'இந்தியக் கலைஞர்' என்று பெட்டிக்குள் அடைப்பதை அவர் விரும்புவதில்லை. ஆகவே 'நம்ம ஆள்' என்று தோளில் கைபோட நான் வரவில்லை. சில விஷயங்கள் ஐரோப்பிய விமர்சகரைவிடத் தோட்டத்துப் பாட்டிக்குச் சீக்கிரம் புரியும் என்று மட்டும் சொல்ல வருகிறேன்.

படிப்பு முடித்த கையோடு 1979இல் அவர் இந்தியா போய் வந்தார். கோயில் வாசல் கடைகளில் கூம்பு கூம்பாகக் குவித்து வைத்திருக்கும் குங்குமமும் வண்ணப் பொடிகளும் அவர் மனதில் நின்றுவிட்டன. திரும்பி வந்து செய்ததுதான் அந்த ஆயிரம் நாமங்கள்.

இதில் பொடியின் வேலை என்ன என்று கவனிக்க வேண்டும். மரத்திலோ சாந்திலோ ஓர் உருவம் செய்தால் உளித் தடம், கரண்டித் தடம் எங்கேயாவது இருக்கும். ஈரம் இல்லாத பொடியை மேலே தூவினால் அதெல்லாம் மூடிப்போகும். பொடி மினுங்குவதில்லை, அதனால் நிழலும் சரியாக விழுவதில்லை. விளிம்பு எது என்று கண் தடுமாறும். தரையில் சிந்திய தூள், உருவத்தின் அடிக்கோட்டையும் அழித்துவிடுகிறது. பனிப்பாறையின் நுனி போல, கீழே இன்னும் நிறைய இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. செய்தவனின் கை மறைந்து, பொருள் முளைக்கிறது. எங்கள் அம்மனுக்கு மஞ்சள் செய்த வேலையும் இதேதான். பூசாரிக்கு இதில் சிற்பக் கொள்கை எதுவும் இருந்திருக்காது. வெள்ளிக்கிழமை வந்தால் மஞ்சள், அவ்வளவே.

முளைப்பது ஒரு பக்கம் என்றால், உள்ளே போவது மறுபக்கம். 80களின் கடைசியில் கபூர் கல்லுக்குத் திரும்பினார். முரட்டு மணற்கல் பாறைகளை அப்படியே வைத்து, ஒவ்வொன்றின் உச்சியிலும் வட்டமாக ஒரு துளை. துளைக்குள் கரும்பொடி. எட்டிப் பார்த்தால் ஆழம் தெரியாது, பாறைக்குள் ராத்திரி இருக்கிறது என்றுதான் தோன்றும். இந்தப் பாறைகளை 1990 வெனிஸ் கண்காட்சியில் பிரிட்டன் சார்பாக வைத்தார், பரிசு வாங்கினார். அடுத்த வருடம் பிரிட்டனின் பெரிய கலைப் பரிசான டர்னர் பரிசு. அதோடு பெயர் நிலைத்துவிட்டது.

1992இல் ஜெர்மனியின் காசல் நகரத்தில் இந்த இருட்டுக்கு ஒரு அறையே கட்டினார். சதுரமான சிமெண்டு அறை, நடுத் தரையில் வட்டமாகக் கருப்பு. அது தரையில் விரித்த கருப்புத் துணியா, பெயிண்டா, பள்ளமா என்று நின்று பார்த்தாலும் சொல்ல முடியாது. உண்மையில் அது சுமார் இரண்டரை மீட்டர் குழி. 2018இல் இதே படைப்பு போர்ச்சுகலின் போர்ட்டோ நகர அருங்காட்சியகத்தில் இருந்தபோது ஒருவர் உள்ளே விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். எச்சரிக்கைப் பலகை இருந்தது, காவலாளும் இருந்தார். கண்ணை நம்பியவருக்குத்தான் அடி.

அக்கா மகன் இதைக் கேட்டுவிட்டு, "சரி மாமா, ஓட்டை போட்டா கலையா?" என்றான். நியாயமான கேள்விதான். சிதம்பரத்தில் திரையை விலக்கினால் என்ன இருக்கிறது? பொன் வில்வ மாலை தொங்கும் வெறும் இடம். அதைப் பார்க்கக் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. வெறுமையைக் காட்ட முதலில் ஒரு திரை வேண்டும், திரைக்கு ஒரு சபை வேண்டும், சபைக்கு ஒரு கோபுரம் வேண்டும். கபூரும் குழியை மட்டும் வெட்டவில்லை. அந்தக் குழிக்கு முன்னால் உங்களைத் தயங்கி நிற்க வைக்கும் அறையையும் சேர்த்துக் கட்டினார்.

அறிவியல் இங்கேதான் உள்ளே வருகிறது. நாம் ஒரு பொருளின் ஆழத்தை அதிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தை வைத்துத்தான் மதிப்பிடுகிறோம். வெளிச்சம் திரும்பாவிட்டால் மேடு பள்ளம் தெரியாது. சாதாரணக் கருப்புப் பெயிண்ட் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். 2014இல் இங்கிலாந்தின் சர்ரே நானோசிஸ்டம்ஸ் நிறுவனம் வாண்டாபிளாக் என்ற பூச்சை வெளியிட்டது. விழும் ஒளியில் 99.965 விழுக்காட்டை அது விழுங்கிவிடும். விண்வெளிக் கருவிகள் போன்ற வேலைகளுக்காகச் செய்தது.

அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு எங்கள் ஊரிலேயே உதாரணம் உண்டு. ராத்திரி செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். முன்வரிசை மரங்கள் மட்டும் கொஞ்சம் தெரியும். மற்ற வெளிச்சமெல்லாம் மரத்துக்கு மரம் பட்டுத் தெறித்து, உள்ளேயே அலைந்து செத்துப்போகும். உங்கள் கண்ணுக்குத் திரும்பாது. வாண்டாபிளாக்கும் ஒரு காடு. தலைமுடி கனத்தில் சில ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள கரிக் குழாய்கள் செங்குத்தாக நெருக்கி நிற்கின்றன. உள்ளே போன ஒளி குழாய்க்குக் குழாய் மோதி வெப்பமாக மாறிவிடுகிறது. கசக்கிய அலுமினியத் தாளில் இதைப் பூசினால் கசங்கலே தெரியாது.

2016இல் இந்தப் பூச்சைக் கலைக்குப் பயன்படுத்தும் உரிமையைக் கபூர் தனக்கு மட்டும் என்று வாங்கிக்கொண்டார். மற்ற ஓவியர்கள் கொதித்தார்கள். ஸ்டூவர்ட் செம்பிள் என்ற பிரிட்டிஷ் கலைஞர் பதிலுக்குப் பளீரென்ற ஓர் இளஞ்சிவப்புப் பொடி தயாரித்து, கபூரைத் தவிர யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று விற்றார். கபூர் எப்படியோ அதை வாங்கி, நடுவிரலைப் பொடியில் தோய்த்து இன்ஸ்டாகிராமில் படம் போட்டார். அறுபது வயது தாண்டிய மனிதர் செய்கிற காரியமா அது! இந்த விஷயத்தில் நான் அவர் பக்கம் இல்லை. கோயில் வாசல் குங்குமக் குவியலில் தொடங்கிய ஆள், ஒரு நிறத்துக்கு வேலி போட்டது எனக்கு ஒப்பவில்லை. வாண்டாபிளாக் பூசிய படைப்புகளை 2022இல் வெனிஸில் காட்டினார். முன்னாலிருந்து பார்த்தால் தட்டையான கருவட்டம். பக்கவாட்டில் போனால் அது முன்னே புடைத்து நிற்கும் பொருள்.

கருப்பு வெளிச்சத்தை விழுங்குகிறது என்றால் கண்ணாடி முழுவதையும் திருப்பித் தருகிறது. கபூருக்கு இரண்டும் ஒரே வேலைக்குத்தான். சாம்பார்க் கரண்டியை எடுத்து அதன் குழிந்த பக்கத்தைப் பாருங்கள். உங்கள் முகம் தலைகீழாக இருக்கும். ஒரு விரலை மெல்ல அருகே கொண்டுபோங்கள். ஒரு கட்டத்தில் தலைகீழ் விரல் கலங்கிக் காணாமல் போய், அப்புறம் நிமிர்ந்து பெரிதாகத் தெரியும். குழியாடியின் குவியப் புள்ளியை விரல் தாண்டியதால் வரும் மாற்றம் அது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கரண்டியை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, முழங்கால் நடுங்கும் அளவுக்குப் பளபளப்பாக்கினால் கபூரின் குழியாடிகள். அந்தத் தலைகீழ் பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் விழுவதில்லை, முன்னால் காற்றில் விழுகிறது. ஆகவே கண்ணாடியின் பரப்பு எங்கே இருக்கிறது என்று கண் தேடித் தோற்கிறது. பொடியில் விளிம்பு தொலைந்த மாதிரி, இங்கே பரப்பே தொலைகிறது.

இவற்றில் பிரபலமானது சிகாகோவில் இருக்கும் 'கிளவுட் கேட்'. 10 மீட்டர் உயரம், 20 மீட்டர் நீளம், சுமார் 100 டன் எடை. 168 துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளை ஒட்டவைத்தது. 2004இல் அது நிற்கும் பூங்கா திறந்தபோது வேலை முடியாமலே காட்டினார்கள். தகடுகளின் ஒட்டுக்கோடு அப்போது பளிச்சென்று தெரிந்தது. பிறகு கூடாரம் போட்டு மூடி, தேய்த்துத் தேய்த்து ஒவ்வொரு கோட்டையும் அழித்தார்கள். 2006 மே மாதம் முறைப்படி திறந்தபோது ஒரு ஒட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஊர்க்காரர்கள் அதை 'பீன்' என்று அவரைக்கொட்டையாக்கிவிட்டார்கள், ஆனால் கபூர் மனதில் வைத்துச் செய்தது பாதரசத் துளியை. ரசமணி கட்டுவது பற்றிச் சித்தர் பாடலில் படித்தவர்களுக்கு, உருண்டு நழுவும் ரசத்தைக் கெட்டியாக நிறுத்திக் காட்டும் ஆசை புதிதாக இருக்காது. துளியின் அடியில் நடந்து போகலாம். மேலே குழிந்து போகும் அந்த இடத்துக்கு 'ஒம்ஃபலோஸ்' என்று பெயர். கிரேக்க மொழியில் தொப்புள்.

அதே 2006 ஜனவரியில் பத்துமலையில் முருகன் எழுந்து நின்றார். 42.7 மீட்டர். தமிழ்நாட்டிலிருந்து வந்த சிற்பிகள், டன் கணக்கில் கம்பியும் சிமெண்டும், 300 லிட்டர் தங்க வண்ணம். ஒரே வருடத்தில் இரண்டு பிரம்மாண்டம். முருகனுக்கு முகம் உண்டு, வேல் உண்டு, யார் என்று கேட்க வேண்டியதில்லை. சிகாகோவில் இருப்பதற்கு முகமே இல்லை; முன்னால் நிற்பவரின் முகம்தான் அதன் முகம். தைப்பூசத்தன்று முருகனுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கும் கூட்டத்தைப் பார்க்கும்போது, சனங்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள் என்றும் தோன்றும்.

ஒட்டுக்கோட்டை மறைக்காத இடத்தில் கபூர் சறுக்குகிறார் என்பேன். 2012 ஒலிம்பிக்குக்காக லண்டனில் இலங்கையில் பிறந்த பொறியாளர் சிசில் பால்மண்டோடு சேர்ந்து கட்டிய ஆர்பிட் கோபுரம் 114.5 மீட்டர் உயரம். சிவப்புக் குழாய்கள் முறுக்கிக்கொண்டு நிற்கும். நட்டும் போல்ட்டும் மாடிப்படியும் லிஃப்டும் தெரிகின்றன. நான்கு வருடம் கழித்து அதில் சறுக்குமரம் மாட்டி டிக்கெட் போட்டு விட்டார்கள். சரி, பிள்ளைகளுக்காவது உதவுகிறது.

இயற்கையிடமிருந்து அவர் மரம் செடி கொடியை எடுக்கவில்லை, விசையை எடுத்தார். 2014 கொச்சி கலைக் கண்காட்சியில் கடலைப் பார்த்த பழைய கட்டடம் ஒன்றின் தரையில் கருநீர்ச் சுழல் ஓயாமல் இரைந்து சுழன்றது. கடலடியை அளந்தவரின் மகன், தரைக்குள் ஒரு கடலடியைத் திறந்து வைத்தார் என்று எனக்குத் தோன்றியது. 2011இல் வெனிஸில் சான் ஜார்ஜோ மஜோரே தேவாலயத்தில், பீடத்துக்கு முன்னால் தரையிலிருந்து எழுந்த புகையை உறிஞ்சு காற்றால் ஒரே தூணாக முறுக்கி மேலே ஏற்றினார். சாம்பிராணிப் புகை கலையாமல் நேராகப் போனால் சாமி வந்துவிட்டது என்று சொல்லும் வீட்டில் வளர்ந்தவனுக்கு, அதற்குப் பின்னால் மின்விசிறி இருப்பது ஒரு குறையாகவே தெரியவில்லை.

ஆனால் எங்கள் ஊருக்கு மிக நெருக்கமான படைப்பு 'ஸ்வயம்பு'. பெயரே அதுதான். 2007இல் பிரான்சின் நான்ட் நகரத்தில் முதலில் காட்டினார், பிறகு மியூனிக், 2009இல் லண்டன் ராயல் அகாடமி. தண்டவாளத்தின் மேல் ரத்தச் சிவப்பில் பல டன் மெழுகுக் கட்டி. அது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஊர்ந்து, அறைக்கு அறை வாசலுக்குள் நுழைகிறது. வாசல் நிலையில் உரசி மெழுகு வழிகிறது, அப்பிக்கொள்கிறது. வாசலின் வளைவு எதுவோ அதுவே கட்டியின் வடிவம். சிற்பி யாரும் இல்லை, வாசல்தான் உளி. மியூனிக்கில் அதை வைத்த மாளிகை நாஜிகள் கட்டியது. தண்டவாளமும் சிவப்புச் சதையும் அங்கே என்ன நினைவைக் கிளப்பியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு அது வேறொன்றைக் கிளப்பியது. என் அப்பா தோட்டத்து ரப்பர் பால் ஸ்டோரில் வேலை பார்த்தவர். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்திலிருந்து வாளிக்கும் வாளியிலிருந்து ஸ்டோருக்கும் வந்த பாலில் ஆசிட் ஊற்றித் தொட்டியில் விட்டால், வெள்ளையாக உறைந்து தொட்டியின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். அந்தக் கட்டியை உருளைகளுக்கு இடையில் விடுவார். தண்ணீர் பிழிந்து சொட்டும். உருளைக்கு உருளை மெலிந்து, கடைசி உருளையில் வரிவரியாக அச்சு விழுந்து சீட்டாக வெளியே வரும். அப்புறம் புகைக்கூண்டு. செதுக்குவதே கிடையாது, இடுக்கில் நுழைந்து வந்ததுதான் வடிவம். அந்தச் சீட்டு எங்கோ டயராகும்போது, விடிகாலை நாலு மணிக்குத் தலையில் விளக்குக் கட்டிப் பட்டை சீவியவர் கையோ, என் அப்பாவின் கையோ அதில் தெரியாது. தானாக வந்த டயர்.

கபூரின் மெழுகும் தானாக வரவில்லை. அதைக் காய்ச்சி, வார்த்து, தண்டவாளம் போட்டு, மோட்டார் கட்டியது ஒரு பட்டாளம். கிளவுட் கேட்டின் கோடுகளை மாதக்கணக்கில் தேய்த்தவர்கள் எத்தனையோ பேர். சுயம்பு என்பது சும்மா நடப்பதில்லை. கை தெரியாமல் இருக்க, அத்தனை கை வேண்டியிருக்கிறது.

சமயம் அவருக்கு எப்போதும் புகையாகவே கிடைக்கவில்லை, கல்லாகவும் எறியப்பட்டது. 2015இல் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் வைத்த அவருடைய எஃகுச் சிற்பத்தின் மேல் யாரோ யூத வெறுப்பு வாசகங்களைக் கிறுக்கினார்கள். வெட்கக்கேட்டை எல்லாரும் பார்க்கட்டும், அழிக்க மாட்டேன் என்றார் கபூர். நீதிமன்றம் விடவில்லை. கடைசியில் கிறுக்கலைப் பொன்தாள் ஒட்டி மூடினார். தன் கையை மறைக்கவே வாழ்நாள் முழுக்கப் பாடுபட்ட மனிதர், அடுத்தவன் கையை மறைக்கச் சொன்னபோது முரண்டு பிடித்தார்.

அக்கா மகனுக்கு இதையெல்லாம் எழுதிவிட்டு, ஒன்றை மட்டும் எழுதவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் தோட்டம் கைமாறி, வீடமைப்புக்கு என்று ஆனபோது கோயிலைப் பெயர்க்க வேண்டியதாயிற்று. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய்க்கொண்டிருந்த நேரம். புதிய மேம்பாட்டாளர் பட்டணத்து ஓரத்தில் கொஞ்சம் நிலம் தருவதாகச் சொல்லியிருந்தார். தருவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. பாலாலயம் செய்து அம்மனை எடுக்கிற அன்று ஏழெட்டுப் பேர் இருந்தோம். கல் ஆழமாக இறங்கியிருந்தது. கடப்பாரை போட்டு நெம்பி, சாக்கு விரித்துப் படுக்க வைத்தோம். மஞ்சளே படாத அடிப்பாகம் முதல் முறையாக வெளிச்சத்துக்கு வந்தது. மண்ணைத் துடைத்தால், நாலு பக்கமும் சரியாகச் சதுரம் பிடித்த கருங்கல். ஒரு பக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் வெட்டியிருந்தன. தலைகீழாக.

துரை காலத்து எல்லைக்கல். யாரோ ஒருத்தர் அதைப் பிடுங்கி, எழுத்து மண்ணுக்குள் போகும்படி கவிழ்த்து நட்டிருக்கிறார்.

யாரும் பேசவில்லை. நான் தோட்ட வேலைகளை மேற்பார்த்த பெரிய தண்டலைப் பார்த்தேன், அவர் பூசாரியைப் பார்த்தார். பூசாரித் தாத்தா குனிந்து அந்த எண்ணின் மேல் கையால் ஒருமுறை தடவினார்.

"என்னப்பா நிக்கிறீங்க, வெயில் ஏறுது. மஞ்ச கொண்டாங்க," என்றார். "இந்தப் பக்கத்துக்கும் சேத்துப் பூசணும்."